எண்ணத்துக்கும் ஒரு பில் கேளுங்கள்

ஏழு பேர் வேலை பார்க்கிற கடைக்கு ஆறு டீ வந்தது. மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு புளி, வத்தல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலை பதினோரு மணிக்கு டீக்கடைப் பையன் கம்பிக்கூடையில் ஆறு கிளாஸோடு வந்தான், மூட்டை தூக்குகிற அண்ணன் முதல் கல்லாவில் இருக்கிற அண்ணாச்சி வரை எல்லாருக்கும் கொடுத்தான், என் மேஜையை மட்டும் தாண்டிப் போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் சாயங்காலம் ஆறு மணி வரை என் தலைக்குள் ஓடியதை எழுதினால் ஒரு குயர் நோட்டு பத்தாது. பதினெட்டு வருஷம் உழைத்தவனுக்கு ஒரு டீ கிடையாதா, ஆளை மாற்றப் போகிறார்களோ, போன மாதம் லீவு கேட்டதை மனசில் வைத்திருக்கிறாரோ, இந்த வயசில் எந்தக் கடையில் போய் நிற்பது... வயிறு இறுகி, காது சூடாகி, ரூ. 4,850 பில்லை ரூ. 8,450 என்று ஏற்றிவிட்டேன். சாயங்காலம் அண்ணாச்சி அதைப் பிடித்துவிட்டுக் கேட்டார்: "என்னய்யா, டீ குடிக்காம தலைவலியா? வயித்துப்புண்ணுக்கு டாக்டர் ஒரு மாசம் டீ வேணாம்னாருன்னு நீதான சொன்ன, அதான் உனக்குச் சொல்லல."

போன மாதம் லீவு கேட்டதே அந்த டாக்டரைப் பார்க்கத்தான்.

ஏழு மணி நேரம் என்னை வாட்டிய அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? டீ வரவில்லை, அது ஒன்று. அதைப் பார்த்து மனசு ஒரு வாக்கியம் சொன்னது, அது இன்னொன்று. உடம்பும் கோபமும் எழுந்து நின்றது அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான். டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருந்தால், அதே காலி மேஜையைப் பார்த்து, பரவாயில்லையே, மனுஷன் மறக்காமல் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் 1955 வாக்கிலேயே இந்த வழியில் சிகிச்சை தர ஆரம்பித்துவிட்டார். அப்புறம் 1960-களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் (1921–2021), மனச்சோர்வோடு வந்தவர்கள் தன்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குள் இன்னொரு பேச்சு ஓடுவதைக் கவனித்தார். 'நான் சொல்றது இவருக்குச் சலிப்பா இருக்கு', 'நான் எதுக்கும் உதவாதவன்' என்கிற மாதிரி, யாரும் கூப்பிடாமல் வருகிற, வந்த வேகத்தில் நம்பிவிடுகிற வாக்கியங்கள். தானாக வரும் எண்ணங்கள் என்று அதற்குப் பேர் வைத்தார். சி.பி.டி. (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி) என்று இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் சொல்கிற சிகிச்சை இந்த இடத்திலிருந்து வளர்ந்ததுதான். சில வருஷம் முன்னால் எனக்குத் தூக்கம் கெட்டுப்போய் ஒரு மனநல ஆலோசகரிடம் பன்னிரண்டு வாரம் போனேன். அங்கே கற்றதை எனக்குத் தெரிந்த கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

எண்ணத்துக்கு உடம்பை ஆட்டுகிற சக்தி இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், நல்ல கொட்டை எடுக்காத புது புளி ஒரு உருண்டை, கல் உப்பு நாலு வைத்து நாக்கில் அப்படியே நசுக்குகிற மாதிரி நினைத்துப் பாருங்கள். எச்சில் ஊறுகிறதா? புளி இங்கே இல்லை. பயப்படுகிற எண்ணத்துக்கும் உடம்பு இப்படித்தான் வேலை செய்கிறது; அட்ரினலின் சுரந்து நெஞ்சு அடித்து வயிறு பிசைகிறது. அப்புறம் அந்தப் படபடப்பையே சாட்சியாக வைத்து, இவ்வளவு அடிக்குதுன்னா விஷயம் பெருசுதான் என்று மனசு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறது. சுற்றிச் சுற்றி ஓடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

எழுதுவதற்கு முன்னால்

சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று முதலில் பாருங்கள். சும்மா சொல்லவில்லை. மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்துவிட்டு வாழ்க்கையைப் பற்றி எடுக்கிற எந்த முடிவும் செல்லாது, பசி வந்தால் பத்தும் பறக்கும். நெஞ்சு ரொம்ப அடித்தால் மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஒரு ஐந்து நிமிஷம். விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதில் சூட்சுமம். கை நடுங்கும்போது கணக்கு எழுத உட்காரக் கூடாது.

நாலு கட்டம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். போனில் எழுதலாம்தான், ஆனால் போனைத் திறந்தால் வேறு எங்கேயோ போய்விடுகிறோம். ஒரு பக்கத்தில் நாலு கட்டம்: நடந்தது, மனசு சொன்னது, உணர்ச்சி, உடம்பு.

முதல் கட்டத்தில்தான் எல்லாரும் தவறுவோம். 'அண்ணாச்சி என்னை அவமானப்படுத்தினார்' என்பது நடந்தது இல்லை. எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. அந்தக் கேமராவில் என்ன பதிவாகியிருக்குமோ அது மட்டும்தான் முதல் கட்டத்துக்கு. 'காலை 11 மணி. ஆறு டீ வந்தது. எனக்கு வரவில்லை.' அவமானம் கேமராவில் விழாது, அதை இரண்டாவது கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

இரண்டாவது கட்டத்தில் மனசு சொன்னதை அப்படியே, அது பேசிய பாஷையிலேயே எழுத வேண்டும், நாகரிகமாகத் திருத்தி எழுதினால் பிரயோஜனம் இல்லை. இங்கே ஒரு சிக்கல் வரும். மனசு பாதி நேரம் கேள்வியாகத்தான் பேசும். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' கேள்வியோடு மல்லுக்கட்ட முடியாது, அதற்குப் பில்லும் கேட்க முடியாது. அதனால் அதைத் திருப்பிப் போட்டு முற்றுப்புள்ளி வைத்து எழுதுங்கள்: 'எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது.' எழுதின உடனே கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இவ்வளவு பெரிய வார்த்தையா சொன்னோம் என்று. அந்தக் கூச்சம் நல்ல அறிகுறி.

உணர்ச்சிக் கட்டத்தில் ஒரே வார்த்தை. பயம், கோபம், வருத்தம், வெட்கம், பொறாமை, குற்ற உணர்ச்சி. நம்ம ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஒரு மாதிரியா இருக்கு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம், அதைப் பிரிக்க வேண்டும். 'அவன் என்னை மதிக்கலைன்னு ஃபீல் பண்றேன்' என்பதும் உணர்ச்சி ஆகாது, அது ஃபீல் என்ற சட்டை போட்டு வந்த எண்ணம். உள்ளே இருக்கிற உணர்ச்சி கோபமாகவோ வருத்தமாகவோ இருக்கும். பக்கத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு மார்க். டீ விஷயத்தில் எனக்குக் கோபம் 60, பயம் 80. எழுதிப் பார்த்தபோதுதான் கோபத்தை விடப் பயம் அதிகம் என்றே தெரிந்தது.

உடம்புக் கட்டம் சுலபம்: காது சூடு, வயிறு இறுக்கம், தாடை. கொஞ்ச நாளில் உடம்புதான் முதலில் தகவல் சொல்லும் என்று தெரிந்துகொள்வீர்கள். எனக்குக் காது சூடானால் ஏதோ வாக்கியம் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் வாரம் இவ்வளவு மட்டும் செய்யுங்கள். திருத்த வேண்டாம், வெறும் பதிவு, ஒரு நாளைக்கு ஒன்று போதும். எல்லாவற்றையும் முதல் நாளே செய்ய ஆசைப்பட்டு நாலாவது நாள் நோட்டைப் பரண்மேல் போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

பில் எங்கே?

கடையில் யார் வந்து செலவு என்று சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, பில் எங்கே. ஆனால் என் தலைக்குள்ளிருந்து வருகிற வாக்கியத்தை மட்டும் பதினெட்டு வருஷமாக ஒரு துண்டுச் சீட்டுகூடக் கேட்காமல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து இதைத்தான் மாற்றுகிறோம். எதிர்ப்பக்கத்தில் நடுவில் ஒரு கோடு இழுத்து, இடது பக்கம் இந்த எண்ணத்துக்கு என்ன சாட்சி, வலது பக்கம் இதற்கு எதிராக என்ன சாட்சி. இரண்டு பக்கமும் நேர்மையாக எழுத வேண்டும்; இடது பக்கத்தைச் சும்மா காலியாக விட்டால் மனசு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது.

இதில் பழக்கம் வந்தால் தப்புகள் ஒரே மாதிரி வருவது தெரியும். கணக்கில் ஒரு தந்திரம் உண்டு: இருப்பு இடித்தால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்போம், மீதி இல்லாமல் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். 8,450-இல் 4,850 போக 3,600, ஒன்பதால் வகுபடுகிறது, அண்ணாச்சி அப்படித்தான் பிடித்தார். எண்ணத்தில் வருகிற தப்புக்கும் இப்படித் தடயம் இருக்கிறது.

அடுத்தவர் மனசுக்குள் இருப்பதைப் படித்துவிட்டதாக நினைப்பது ஒன்று. 'அவர் என்னை என்ன நினைச்சிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா' என்று வாக்கியம் வந்தால் அங்கே பேனாவை நிறுத்துங்கள். தெரியாது. கேட்டால்தான் தெரியும். ஜோசியம் பார்ப்பது இரண்டாவது. 'போனால் அப்படித்தான் ஆகும்' என்று நாளையை இன்றைக்கே எழுதி முடித்துவிடுவது. 'எப்பவும்', 'ஒருநாளும்', 'எல்லாரும்', 'யாருமே' என்று வந்தால் அது மூன்றாவது வகை. ஒரு தடவை தப்பு செய்ததற்கு 'நான் ஒரு முட்டாள்' என்று ஆளுக்கே முத்திரை குத்துவதும் உண்டு. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், நம்முடையது பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். எனக்கு முதல் இரண்டும்.

ஆனால் நம்ம பக்கம் இது எல்லாவற்றுக்கும் தாய் ஒன்று இருக்கிறது. 'நாலு பேர் என்ன சொல்வாங்க.' இந்த வாக்கியம் வந்தால் நோட்டில் 1, 2, 3, 4 என்று நம்பர் போட்டு, அந்த நாலு பேர் யார் யார் என்று பேர் எழுதுங்கள். விளையாட்டில்லை, உண்மையாகவே எழுதுங்கள். மகளைக் கலைக் கல்லூரியில் சேர்த்தபோது, இன்ஜினியரிங் படிக்க வைக்க வக்கில்லை என்று நாலு பேர் சொல்வார்களே என்று எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை. பேர் எழுதினேன். முதல் ஆள் செத்து ஐந்து வருஷம். இரண்டாவது ஆள் சிங்கப்பூரில் இருக்கிறார், கடைசியாகப் பேசியது எப்போது என்று ஞாபகமில்லை. மூன்றாவது ஆள் என்னிடம் இருபதாயிரம் கைமாற்று வாங்கிவிட்டு வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறவர். நாலாவது ஆளுக்கு எவ்வளவு யோசித்தும் பேர் கிடைக்கவில்லை.

திருத்திய பதிவு

இதற்கப்புறம் புதிதாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். 'நல்லதே நினை, நல்லதே நடக்கும்' என்று ஆட்டோ பின்னால் எழுதியிருக்கிறதே, அதை எழுதச் சொல்லவில்லை. எனக்கு அந்த வரி மேல் ஒரு கோபமே உண்டு, கடன்காரன் வாசலில் நிற்கிறவனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். நாம் எழுத வேண்டியது சாட்சி இரண்டையும் பார்த்தபிறகு ஒரு நியாயமான ஆள் எழுதக்கூடிய வாக்கியம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பேரேடு எழுதுகிறவனுக்கு இனிமேல் வேலை இல்லை என்று எனக்கு ஒரு பயம் பிடித்தது. அப்போது எனக்கு இந்த நோட்டுப் பழக்கம் கிடையாது. பிற்பாடு ஆலோசகரிடம் பயிற்சிக்காகப் பழைய பயம் ஒன்றை எடுத்து எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதினேன். இடது பக்கம் சாட்சி நிஜமாகவே இருந்தது: கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அண்ணாச்சி மகன் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் படித்துக்கொண்டிருந்தான். வலது பக்கம்: எந்த ஊர்ச் சரக்குக்கு எவ்வளவு கழிவு, யாரிடம் எத்தனை நாள் பாக்கி நிற்கும் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் வந்த வாக்கியம், 'கையெழுத்துக் கணக்குக்கு வேலை போகும், கணக்குத் தெரிந்தவனுக்குப் போகாது. ஆனால் நான் கம்ப்யூட்டர் கற்றாக வேண்டும்.' இதில் ஆறுதலும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது. அப்படித்தான் இருக்கும். நிஜத்தில் எனக்கு அந்த வாக்கியம் வந்து சேர ஒன்றரை வருஷம் ஆனது, அதற்குள் தூக்கம் போனது.

வாக்கியத்தை எழுதிவிட்டு மறுபடி மார்க் போடுங்கள். 80 இருந்த பயம் 50 ஆனால் கணக்கு நேர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் எதிர்பார்க்காதீர்கள்.

வராதே என்று விரட்ட வேண்டாம்

குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும், குடிக்கிற ஒவ்வொரு தடவையும் குரங்குதான் வந்து உட்காரும். இதையே டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் 1987-இல் வெளியான ஒரு ஆய்வில் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். நினைக்காதே, மீறி நினைவு வந்தால் மணி அடி என்று சொல்லப்பட்டவர்களும் கரடியை நினைத்து மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள், அப்புறம் நினைக்கலாம் என்று விட்டபோது இன்னும் அதிகமாக நினைத்தார்கள். அதனால் கெட்ட எண்ணத்தை விரட்டாதீர்கள், நேரம் கொடுத்து உட்கார வையுங்கள். நான் கடை விட்டு வருகிற வழியில் தெப்பக்குளத்துச் சுவர் மேல் இருபது நிமிஷம் உட்காருவேன், அன்றைக்கு உள்ள கவலைக்கெல்லாம் அதுதான் நேரம். பகலில் வந்தால், சாயங்காலம் வா என்று சொல்லி நோட்டில் ஒரு வரி குறித்துக்கொள்வேன். சாயங்காலம் பாதிக் கவலை வருவதே இல்லை.

போய்ப் பார்ப்பது

சில எண்ணங்கள் எழுதினால் அசையாது. போய்ப் பார்த்தால்தான் அசையும். என் மதினியின் மகன் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறிவிட்டான், அதிலிருந்து அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. "போனா எல்லாரும் அதைத்தான் தம்பி கேப்பாங்க" என்பார். மேலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து வந்தது. எத்தனை பேர் கேட்பார்கள் என்று போவதற்கு முன்னால் ஒரு எண்ணிக்கை சொல்லுங்கள் மதினி என்றேன். பத்துப் பேராவது என்றார். போய் வந்தபிறகு எண்ணினோம், மூன்று பேர். அதில் ஒருத்தி தன் மகள் கதையைச் சொல்லி அழுதாள், ஒருத்தர் டுடோரியல் எங்கே நல்லாயிருக்கும் என்று சொன்னார், ஒரே ஒருத்தி மட்டும் வேண்டுமென்றே குத்தினாள். அந்த ஒருத்தி இல்லாத விசேஷம் எங்கேயும் கிடையாது. முக்கியமான விஷயம், எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதி வைப்பது. இல்லாவிட்டால் அந்த ஒருத்தியை மட்டும் மனசு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து பத்துப் பேராக்கிவிடும்.

நோட்டால் ஆகாதவை

பில் சரியாக இருக்கிற எண்ணங்களும் உண்டு. கடன் நிஜம், வீட்டில் அடி விழுகிறது நிஜம், சாவு நிஜம். இதையெல்லாம் எண்ணத்தின் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடனுக்குத் தவணை பேச வேண்டும், அடிக்கிறவனிடமிருந்து விலக வேண்டும் (பெண்களுக்கான உதவி எண் 181), சாவுக்கு அழ வேண்டும். நோட்டு அங்கே செய்யக்கூடியது, அடுத்து என்ன செய்வது என்று ஒரு வரி எழுத இடம் கொடுப்பது மட்டும்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் மனசு பாரமாக இருந்தால், பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் சாப்பாடும் மாறிப்போனால் டாக்டரிடம் போங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இதெல்லாம்கூட ஆளை இப்படிச் சோர்வாக்கும், ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பைத்தியத்துக்குத்தான் அங்கே போவார்கள் என்று தோன்றினால், அந்த நாலு பேர் பட்டியலை இன்னொரு தடவை எழுதுங்கள். சி.பி.டி. முறையாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் வாரம் ஒன்றாக 6 முதல் 20 அமர்வுக்குள் முடியும். மாத்திரை வேண்டும் என்றால் மாத்திரையும்தான், இரண்டுக்கும் சண்டை கிடையாது.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டை மூடிவிடுங்கள். அதற்குச் சாட்சி, எதிர்சாட்சி எழுதிக்கொண்டு தனியாக உட்காரக் கூடாது. பக்கத்தில் இருக்கிற ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை, இருபத்துநாலு மணி நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு.

நோட்டை எங்கே வைப்பது

பேர் எழுதாத அட்டையாக இருக்கட்டும். மனசு சொன்னதை அப்படியே எழுதுவதால் சொந்தக்காரர் பேரெல்லாம் உள்ளே இருக்கும், வெளியே விட்டால் குடும்பத்தில் கலவரம். நான் கடை மேஜை இழுப்பறையில் பூட்டி வைக்கிறேன்; ஒரே ஒரு தடவை வீட்டுக்கு எடுத்துப்போய் டிவி மேல் வைத்துவிட்டேன், என் வீட்டுக்காரி படித்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கடையில் திறந்து பார்த்தால், 'சாம்பாரில் உப்பு இல்லை என்றேன், அவள் கத்தினாள்' என்று முதல் கட்டத்தில் நான் எழுதியதற்குப் பக்கத்தில் பென்சிலால், 'உப்பு இல்லைன்னு சொல்லல. தட்டைத் தள்ளி வச்சீங்க' என்று இருந்தது.

கேமராவில் அதுதான் பதிவாகியிருக்கும். என் வரியை அடித்துவிட்டு அவள் எழுதியதை மையால் ஏற்றினேன்.